குளிர்நாட்டுப் பிள்ளைக்கு ஒரு சட்டை

தீவுக் கிராமமான கரம்பொன்னில் ஒரு செய்தி பரவுவதற்கு, யாழ்ப்பாணப் பஸ் சந்தியில் நின்று வெளிக்கிடுகிற நேரம் போதும். தையல்கார ஜெயரூபன் மடியில் கம்பளி நூலை வைத்துப் பின்னிக்கொண்டிருக்கிறான் என்ற செய்திக்கு அந்த நேரமும் தேவைப்படவில்லை. மகளின் பள்ளிக்கூடச் சட்டைக்கு அளவு கொடுக்க வந்த ஒரு தாய் கண்டாள். மத்தியானத்துக்குள் ஊர்காவற்றுறை மீன்சந்தையில் கதை போய் நின்றது. ஆவணி வெயில். கிணற்றுக்கட்டில் கை வைத்தால் சுடுகிற நாள். அந்த வெயிலில் நாற்பது வயது ஆம்பிளை ஒருவன் இரண்டு ஊசிகளை நாடிக்குக் கீழே பிடித்து, உதட்டைக் கடித்து, வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தானாம்.

"என்ன ரூபன், இமயமலைக்கோ வெளிக்கிடுறீர்?" என்று வந்தவர்கள் கேட்டார்கள்.

"நோர்வேக்கு," என்பான் அவன். "நானில்லை. சட்டை."

பகிடி மாதிரி இருந்தாலும் அதில் பகிடி இல்லை. அவனுடைய மனைவி வினோஜா நோர்வேயில் இருந்தாள். நாலு வயதில் தாய் தகப்பனோடு போனவள். சில வருடங்களுக்கு முன் வேலணையில் ஒரு கலியாணத்துக்கு வந்தபோது, அங்கிருந்து கொண்டுவந்த பிளவுஸ் கைக்குள் ஏறவில்லை. முகூர்த்தத்துக்கு முன்னர் அதைப் பிரித்துச் சரிசெய்து கொடுத்தவன் ஜெயரூபன். அதற்குப் பிறகு அவள் ஏதாவது ஓர் உடுப்பைத் திருத்துவதற்கென்று வந்துகொண்டே இருந்தாள். திருத்துவதற்கு ஒன்றும் மிஞ்சாத நாளில் கலியாணம் பேசினார்கள். தாலி கட்டியதும் அவள் லீவு முடிந்து போனாள். இவன் விசாவுக்குப் போட்டுவிட்டு இருந்தான். வருடத்துக்கு ஒருமுறை வருவாள். இந்த வருடம் சித்திரைக்கு வந்து போனவள், போன கொஞ்ச நாளில் போன் எடுத்து, தை மாதத்தில் பிள்ளை என்று சொன்னாள்.

கம்பளிக் கதை ஆவணியில் தொடங்கியது. நோர்வேயில், ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையை முதல்முதல் வீட்டுக்குக் கொண்டுவரும்போது போடுவதற்கென்று கையால் பின்னிய உடுப்பு ஒரு தொகுதி வைத்திருப்பார்களாம். சட்டை, காற்சட்டை, தொப்பி, காலுக்கு மேசு, எல்லாம் கம்பளி. மாமியாரோ பெரியம்மாவோ மாதக்கணக்காக இருந்து பின்னுவார்களாம். வினோஜாவோடு வேலை செய்யும் பெண்கள், உனக்கு ஆர் பின்னுகிறார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அவளுக்கும் தாய் இல்லை. ஜெயரூபனின் தாய் பரிமளமும் செத்துக் கன காலம்.

"நான் சொல்லிப்போட்டன், எங்கட ஆக்கள் எல்லாரும் வெயில் ஊர்க்காரர் எண்டு," அவள் போனில் சிரித்தாள்.

அவன் சிரிக்கவில்லை. தீவுப் பிள்ளைகளில் பாதிப்பேர் அவன் தைத்ததைப் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறார்கள். தன் பிள்ளை கடையில் தொங்கியதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருமா?

"நான் பின்னுறன்," என்றான்.

"உங்களுக்குப் பின்னத் தெரியுமோ?"

"பழகுவன்."

ஆளைத்தான் அனுப்ப ஏலாமல் இருக்கிறது, சட்டையையாவது அனுப்பலாம். அவ்வளவுதான் அவன் யோசித்தது.

ஆளை அனுப்ப ஏலாமல் இருந்ததற்கு விசா பாதிக் காரணம். மிச்சப் பாதி உள்ளறைக் கட்டிலில் கிடந்தது. தகப்பன் ஆழ்வாப்பிள்ளைக்குப் போன வருடம் மாசியில் பாரிசவாதம் வந்தது. புகையிலைத் தோட்டத்தில் துலா மிதித்த மனிதர், ஒரு விடியற்காலை பல்லு விளக்கப் போன இடத்தில் கிணற்றடியோடு சரிந்தார். இடது பக்கம் முழுவதும் போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, உயிர் தப்பிவிட்டது, இனிப் பயிற்சி செய்தால் கொஞ்சம் கொஞ்சமாக வரும் என்று அனுப்பினார்கள். பயிற்சி செய்தார்கள். வரவில்லை. இடது கை நெஞ்சோடு மடிந்து, பிடித்துவைத்த குஞ்சு மாதிரிக் கிடந்தது.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பேணி இருந்தது. தண்ணீர் வேண்டுமென்றால் பேணியைக் கட்டில் சட்டத்தில் ஒரு தட்டு. வெளிக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு. சும்மா மகன் இருக்கிறானா என்று பார்ப்பதற்கும் தட்டுவார், அதற்குக் கணக்கில்லை. முன்னறையில் மிசின் ஓடும்போது அந்தச் சத்தம் கேட்காது என்பதால், ஜெயரூபன் நாலு விரற்கடை தைத்ததும் காலை எடுத்துக் காது கொடுப்பான். தைத்த தையலைப் பார்த்தாலே தெரியும், எங்கெங்கே நிறுத்திக் காது கொடுத்தான் என்று. சந்தைக்குப் போக வேண்டுமென்றால், பக்கத்து வளவு பிலோமினம்மா வந்து இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்துக்குப் போகிற பண்ணைப் பாலத்தை அவன் கடந்தது கிளினிக்குக்குத் தகப்பனைக் கொண்டுபோன நாட்களில் மட்டும்.

அண்ணன் சயந்தன் கனடாவில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பான். மருந்தா, சத்துமாவா, தள்ளுவண்டியா, என்ன வேண்டுமென்று கேட்பான். கடைசியில் தவறாமல் ஒரு வசனம் சொல்லுவான்: "நீ ஒருத்தன் அங்க நிக்கிறபடியாத்தான்ரா நாங்கள் நிம்மதியா இருக்கிறம்." அது பாராட்டுத்தான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் ஜெயரூபனுக்கு ஆணி அடிக்கிற சத்தம் கேட்கும்.

முதலில் அவன் தனக்குத் தெரிந்த வேலையில் தொடங்கினான். பருத்தித் துணியில் மேற்சட்டைகள், சின்னத் துணி விரிப்புகள், வாய் துடைக்கிற லேஞ்சிகள். தகப்பனின் பழைய வேட்டி ஒன்றை அவித்துத் துவைத்து, பூப்போல ஆக்கி, நாப்பித் துணிகளாக வெட்டி ஓரமடித்தான். இதில் ஒரு சிக்கல் இருந்தது. பிள்ளை பிறக்க முன்னர் அதற்கென்று புது உடுப்புத் தைக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். ஊரில் ஆருக்குப் பிள்ளை என்றாலும், பிறந்த செய்தி வந்த பிறகுதான் அவன் துணியில் கத்தரிக்கோல் வைப்பான். அது பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைக்குச் சரி. கடல் தாண்டிப் பார்சல் போகக் கிழமைக்கணக்கு ஆகும்.

"முடிக்காமல் அனுப்பும்," என்றாள் பிலோமினம்மா. கிறிஸ்தவப் பெண், இந்த வழக்கத்தில் அவளுக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் சட்டத்தில் ஓட்டை கண்டுபிடிப்பதில் நம்பிக்கை இருந்தது. "நாடாவைத் தைக்காமல் விடும். நாடா இல்லாட்டி அது சட்டையோ? வெறும் துணி. பிள்ளை பிறந்தாப் பிறகு அவள் நாடாவைத் தைக்கட்டும். ஒரு குற்றமும் இல்லை."

அப்படியே செய்தான். சட்டைகளைத் தனியாகவும், பின்பக்கம் முடிவதற்கான நாடாக்களைச் சுருட்டித் தனியாகவும் வைத்து, பருத்தி உடுப்புப் பார்சலை அனுப்பினான். புரட்டாதிக் கடைசியில் வினோஜாவின் வீடியோ அழைப்பு வந்தது. மேசையில் சட்டைகளைப் பரப்பிவைத்திருந்தாள்.

"முதல் கேள்வி. இதை என்னண்டு கட்டுறது? நாடா எல்லாம் தனிய வந்திருக்கு."

காரணத்தைச் சொன்னான். அவள் கண் துடைக்கத் துடைக்கச் சிரித்தாள். பிறகு ஒரு சட்டையை உட்பக்கம் திருப்பிக் கமராவுக்குக் கிட்டக் கொண்டுவந்தாள்.

"ரெண்டாவது. இதுக்குள்ள இன்னொரு சட்டை ஒளிச்சிருக்குது. என்ன இது?"

அவள் காட்டிய பிறகுதான் ஜெயரூபனுக்கே தெரிந்தது, தான் செய்திருந்த காரியம். தீவில் எந்தத் தாயும் அளவு கொடுத்து முடித்ததும் சொல்கிற சொல் ஒன்று உண்டு: வளர்த்தி விட்டுத் தையும். போன வருடச் சட்டையை வருகிற வருடமும் போட வேண்டும். அதற்காகக் கீழ் மடிப்பை நாலு விரல் உள்ளே விடுவான். பக்கத் தையலிலும் துணியை மிச்சம் விட்டு மடித்து வைப்பான். பிள்ளை வளர வளரப் பிரித்து இறக்கிக் கொடுப்பான். இருபது வருடப் பழக்கம். கை தானாகச் செய்துவிட்டது. பிறந்த பிள்ளையின் உள்ளங்கையகலச் சட்டைக்கு, பள்ளிக்கூடச் சீருடைக்கு விடுகிற வளர்த்தியை விட்டிருந்தான். மடிப்பு உள்ளே கயிறு மாதிரித் தடித்திருந்தது.

"இதைப் போட்டா பிள்ளைக்கு முதுகெல்லாம் தடம் விழும்," என்றாள் அவள். "நீங்கள் ஒரே சட்டையை அஞ்சாம் வகுப்பு மட்டும் போட வைக்கப் பாக்கிறியளோ?"

"பிரிச்சு வெட்டும். தையல் வெளிப்பக்கம் வரட்டும். அதுதான் மெத்து," என்று சொன்னான். குரலில் வெட்கம் இருந்தது. தன் பிள்ளையின் அளவை அவன் நினைத்துப் பார்க்கவேயில்லை. எல்லோருடைய பிள்ளைகளின் அளவையும் நினைத்திருக்கிறான். அன்று பின்னேரம் துணியில் ஒரு முழங்கை நீளம் வரைந்து, அதைச் சுருட்டிக் கையில் ஏந்திப் பார்த்தான். உள்ளிருந்து பேணி தட்டியது. சுருட்டியதைக் கையில் வைத்தபடியே போய்த் தண்ணீர் கொடுத்தான்.

கம்பளி வேறு உலகமாக இருந்தது. ஆவணியிலேயே போனில் வீடியோ பார்த்துத் தொடங்கியிருந்தான். பிலோமினம்மா குமரியாக இருந்தபோது கன்னியர் மடத்துத் தையல் வகுப்பில் கொஞ்சம் பின்னக் கற்றவள். தகப்பனுக்குக் காவல் இருக்க வந்த நேரத்தில் அவனுடைய பின்னலை வாங்கிப் பார்த்து, இது சட்டையா எமிலியானுஸின் வலையா என்று கேட்டாள். எமிலியானுஸ் அவளுடைய புருஷன், கடலுக்குப் போகிறவன். ஊசியில் ஏறுகிற ஒவ்வொரு வளையத்தையும் வலைக்காரர் மாதிரிக் 'கண்' என்றே அவள் சொல்லுவாள். "எங்கயோ ஒரு கண்ணை விட்டிட்டீர். இதால மீன் போகும். பிள்ளையின்ர விரலும் போகும். அவிழ்த்துப்போட்டு முதலில இருந்து."

அவன் அவிழ்த்தான். முதலில் இருந்து. ஒரு தொப்பி தேறுவதற்கு ஐப்பசி ஆகிவிட்டது.

தேறிய பிறகுதான் நூல் சரியில்லை என்று தெரிந்தது. யாழ்ப்பாணக் கடைகளில் கிடைத்தது நைலோன். தையற்காரனுக்கு அதைச் சோதிக்கத் தெரியும்: ஒரு துண்டைக் கொளுத்தினால் நைலோன் உருகிக் கறுப்பு மணியாகும், கம்பளி மயிர் கருகுகிற மணத்தோடு சாம்பலாகும். பிள்ளையின் தோலில் படுவதென்றால் அசல் கம்பளிதான் வேண்டும் என்று வினோஜா சொல்லியிருந்தாள். அதை அங்கிருந்து அவள் அனுப்ப, இங்கே பின்னித் திருப்பி அனுப்புவதா? நடக்கிற காரியமில்லை. அப்போதுதான் அலுமாரிக்குள் சயந்தனின் சுவெட்டர் ஞாபகம் வந்தது. முன்னொரு வருகையில் பிளேனுக்குப் போட்டுவந்து, கட்டுநாயக்காவில் கழற்றி, வீட்டில் விட்டுப்போனது. மங்கிய சாம்பல் நிறம். ஒரு நூலை இழுத்துக் கொளுத்தினான். மயிர் மணந்தது.

அவனும் பிலோமினம்மாவுமாக அதைப் பிரித்தார்கள். பிரித்த நூல் நூடில்ஸ் மாதிரிச் சுருண்டு வந்தது. அதைப் பெரிய வளையங்களாகச் சுற்றி, கழுவி, நுனியில் கல்லுக் கட்டித் தொங்கவிட்டால் சுருக்கு எடுபடும். பிறகு உருண்டையாகச் சுற்றலாம். அந்த நூலில் சட்டையின் முதுகு வளரத் தொடங்கியது. சயந்தனிடம் சொல்லவில்லை. "கனடாக்காரர் இவ்வளவு காலத்தில வீட்டுக்குச் செய்த நல்ல காரியம் இது," என்றாள் பிலோமினம்மா.

ஆழ்வாப்பிள்ளை இதையெல்லாம் கட்டிலில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். கதவு திறந்திருந்தால் மகனின் கை தெரியும். ஒரு நாள், "பிள்ளைக்கு என்ன பேர் வைக்கப் போறியள்?" என்று கேட்டார். இன்னும் யோசிக்கவில்லை என்றான். "தூரத்துப் பிள்ளை," என்று சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

கார்த்திகை பிறந்த கையோடு விசா வந்தது.

கொழும்பிலிருந்து செய்தி போனில் வந்தபோது ஜெயரூபன் ஒரு கண்ணைப் பிடித்து ஏற்றிக்கொண்டிருந்தான். வாசித்தான். திரும்ப வாசித்தான். வருடக்கணக்காக இந்தச் செய்திக்குக் காத்திருந்தவன் முதலில் செய்த காரியம், எழுந்து போய் உள்ளறைக் கதவைச் சாத்தியது. ஏன் சாத்தினான் என்று அவனுக்கே விளங்கவில்லை. ஊசிகளை மேசையில் வைத்துவிட்டு, மிசின் கதிரையில் இருந்து வாசலைப் பார்த்தான். வாசல் திறந்துதான் இருந்தது. எழும்பி நடந்தால் சந்தி, சந்தியில் பஸ். ஆனால் கால் மிசினின் மிதிபலகையிலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சயந்தன் எடுத்தான். சந்தோஷம் என்றான். பிறகு கொஞ்சம் நிதானித்து, அவசரப்படாதே என்றான். ஐயாவை வீட்டில் தனிய விட ஏலாது. வந்து நின்று பார்ப்பதற்குத் தீவுக்குள் ஆளும் பிடிக்க ஏலாது, கேட்டுப் பார்த்தாயிற்று. யாழ்ப்பாணத்துக்குக் கிட்ட ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது, முந்தியே விசாரித்து வைத்திருக்கிறேன், நல்ல இடம், ஆனால் படுக்கையில் கிடக்கிற ஆட்களுக்கு இப்போது கட்டில் இல்லை, சித்திரை வரைக்கும் பார்க்க வேண்டும். "பிள்ளை எங்க ஓடப்போகுது? பிறந்தாப் பிறகு போய்ப் பாக்கலாம்தானே. நீ ஒருத்தன் அங்க நிக்கிறபடியாத்தான்..."

தகப்பனிடம் விசாவைச் சொன்னபோது அவர் முகட்டைப் பார்த்தபடி கிடந்தார்.

"போ," என்றார். "நான் கிடப்பன். கிடக்கிற வரைக்கும் கிடப்பன்."

போகாதே என்று சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். போ என்றவரோடு என்ன செய்வது?

வினோஜா அழவில்லை. அவள் வேலை செய்வதே அங்கே ஒரு முதியோர் இல்லத்தில். மற்றவர்களுடைய தகப்பன்மாருக்குச் சோறு தீத்துகிறவள். ஏலாதவரைத் தனியே விட்டுவிட்டு வா என்று அவளால் சொல்ல முடியாது. அதனால் ஒரேயொரு கேள்விதான் கேட்டாள்.

"பிரசவ அறைக்குள்ள கூட நிக்கிறதுக்கு ஓராளின்ர பேர் குடுக்க வேணும். உங்கட பேரைக் குடுக்கவோ, என்னோட வேலை செய்யிற பிள்ளையின்ர பேரைக் குடுக்கவோ? கோபத்தில கேக்கேல்லை. வெள்ளிக்கிழமைக்குள்ள சொன்னாச் சரி."

அந்தக் கிழமை முழுவதும் அவன் பின்னினான். மார்கழிச் சீருடை வேலை குவிந்து கிடந்தது, எடுக்கவில்லை. முதுகு முடிந்து முன்பக்கம் முடிந்தது. நாள் தேய்ந்தது. பேணி தட்டியது, எழும்பினான். தட்டியது, எழும்பினான். தகப்பனைத் தூக்கி இருத்தும்போது அவருடைய பாரம் முழுவதும் தன் கழுத்தில் தொங்குவதை முன்னர் அவன் பொருட்படுத்தியதில்லை. இப்போது ஒவ்வொரு முறையும் உணர்ந்தான். ஒருமுறை, சோறு தீத்திக்கொண்டிருந்தபோது, இந்த மனிதர் இன்னும் எவ்வளவு காலம் என்று மனதில் ஓடிவிட்டது. கரண்டி நடுவில் நின்றது. ஆழ்வாப்பிள்ளை வாயைத் திறந்தபடி மகனைப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் இருந்து மழை. பக்கத்து ஒழுங்கையில் ஒரு செத்தவீடு. பிலோமினம்மா அங்கே போயிருந்தாள். இந்த வீட்டுக் கதிரைகளையும் அங்கேதான் கொண்டுபோயிருந்தார்கள், மிசின் கதிரை உட்பட. மின்சாரமும் இல்லை. சட்டைக்கு நூல் முடிந்துவிட்டதால், கழுவிக் காயப்போட்டிருந்த அடுத்த வளையத்தை உருண்டையாகச் சுற்ற எடுத்தான். வழக்கமாக இரண்டு கதிரைகளை முதுகோடு முதுகு வைத்து, வளையத்தை அதில் மாட்டிச் சுற்றுவான். கதிரை இல்லை. முழங்கால்களில் மாட்டப் பார்த்தான், வழுகியது. யன்னல் கம்பியில் மாட்டினான். காற்று அடித்துக் குழப்பியது. தகப்பனுக்குக் காது கொடுப்பதற்காக உள்ளறைக்கே கொண்டுபோய், கட்டில் விளிம்பில் இருந்து பிரிக்கத் தொடங்கினான். இழுத்த இடமெல்லாம் இறுகியது. இன்றைக்கு ஒரு பேர் சொல்ல வேண்டும்.

"இழுக்காதை," என்றார் ஆழ்வாப்பிள்ளை. "இழுத்தா இறுகும்."

அவன் இழுத்தான்.

"சொன்னாக் கேக்க மாட்டியே. கயிறு திரிச்ச வீட்டில பிறந்தவன், சிக்கெடுக்கத் தெரியாது. உதறி விரிக்க வேணுமெடா. இஞ்ச கொண்டா."

வாங்கினார். இரண்டு கையாலும் வாங்கினார். வளையத்துக்குள் இரண்டு கைகளையும் விட்டு, அகட்டி, ஒருதரம் உதறி, வலது கையை உயர்த்தி இடது கையைப் பதித்து, சிக்கின் வாயைக் கண்டுபிடித்து இடது கைப் பெருவிரலால் கிளப்பிவிட்டார். நூல் இளகி வழிந்தது. "இப்ப சுத்து," என்றார்.

ஜெயரூபன் நுனியைப் பிடித்து நாலைந்து சுற்றுச் சுற்றினான். அதற்குப் பிறகுதான் கண் போய் அந்தக் கையில் நின்றது. இடது கை. விரல்கள் விரிந்து, நூலின் பாரத்தைத் தாங்கி, அவன் இழுக்கிற இழுப்புக்கு ஏற்றபடி சரிந்து கொடுத்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் நடுங்கியது. ஆனால் கையாகத்தான் இருந்தது.

அவன் பார்ப்பதை ஆழ்வாப்பிள்ளை கண்டார். தன் கையைத் தானும் பார்த்தார். கீழே போட முடியாது; போட்டால் திரும்பவும் சிக்கும். இரண்டு கைகளையும் நீட்டியபடி, விலங்கு மாட்டிய மனிதர் மாதிரி இருந்தார்.

ஜெயரூபன் சுற்றுவதை நிறுத்தினான்.

"எப்ப தொட்டு?" என்றான் ஜெயரூபன்.

"வைகாசி. வைகாசி கடைசியில விரல் அசைஞ்சுது."

"நடக்க?"

"கிணத்தடி வரைக்கும் போவன். நீ சந்தைக்குப் போகேக்க. பிலோமினா குசினிக்குள்ள நிண்டா."

வைகாசியிலிருந்து அவன் தூக்கிய தூக்குகள், கழுவிய கழுவல்கள், தீத்திய சோறு, எல்லாம் ஒரே நேரத்தில் கழுத்தில் வந்து ஏறின. கையிலிருந்த உருண்டையைச் சுவரில் எறிய வேண்டும் போல இருந்தது. எறிந்தால் நூல் கெட்டுவிடும். எறியவில்லை.

"ஏன் ஐயா?"

ஆழ்வாப்பிள்ளை நூலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். சித்திரையில் வினோஜா வந்து நின்றபோது, சயந்தன் போனில் சொன்னது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. கை வந்துவிட்டால் ஐயாவைச் சேர்ப்பது லேசு, சும்மா கிடக்கிற ஆளை இல்லத்தில் உடனே எடுக்க மாட்டார்கள், எழும்பி நடக்கிற ஆளென்றால் உடனே எடுப்பார்கள் என்று.

"அதுதான் எழும்பேல்லை," என்றார். "எழும்பினா நீ போயிடுவாய். என்னைக் கொண்டுபோய் அங்க விட்டிடுவியள். விழுந்து கிடந்தா நீ நிப்பாய். நிண்டாய்தானே?"

"நிண்டன்," என்றான் ஜெயரூபன். "மனிசி வயித்தில பிள்ளையோட அங்க. நான் இஞ்ச நிண்டன்."

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டே கிடந்தனீங்கள்."

"ஓம். தெரிஞ்சுகொண்டேதான்."

அதற்கு மேல் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. ஜெயரூபன் விட்ட நூலைத் திரும்பப் பிடித்தான். பிறகு, நூலைச் சுற்றியபடியே, கணக்குத் தீர்க்கிற குரலில் சொன்னான்: இல்லத்துக்கு அனுப்ப விடமாட்டேன்; அதைச் சயந்தனிடம் நானே சொல்லுவேன். பிலோமினம்மா இரண்டு நேரம் வந்து பார்ப்பா. சோற்றை நீங்கள்தான் போட்டுச் சாப்பிட வேண்டும். கிணற்றடிக்கு ஒரு கம்பி போட்டுவிட்டுப் போவேன், பிடித்து நடக்க.

"சரி," என்றார் ஆழ்வாப்பிள்ளை. "நீ திரும்பி வருவியோ?"

ஓம் என்றால் பொய். இல்லை என்பதைச் சொல்ல வாய் வரவில்லை. வளையத்திலிருந்து நூல் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கைகளை இன்னும் எத்தனை காலத்துக்குக் கனவில் காணப்போகிறேன் என்று நினைத்தான். போன் அடித்தது.

நோர்வேயில் அப்போதுதான் விடிந்திருந்தது. வினோஜா வேலைக்கு வெளிக்கிட்டு நின்றாள். வேறொன்றும் கேட்கவில்லை, சுகமா என்றாள், மழையா என்றாள், பிறகு காத்திருந்தாள்.

"என்ர பேரைக் குடும்," என்றான்.

அந்தப் பக்கம் கதிரையொன்று இழுபட்டது; இருந்துவிட்டாள் போலிருந்தது.

"அப்ப ஐயா?"

"ஐயாவுக்குக் கை வந்திட்டுது. கொஞ்சம் நடக்கவும் பாக்கிறார்."

"என்ன சொல்லுறியள்? எப்ப தொட்டு?"

ஆழ்வாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். நரைத்த உச்சி மட்டும் தெரிந்தது. ஜெயரூபன் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"இண்டைக்குத்தான்."

அவள் அழுதாள், சிரித்தாள், இரண்டையும் ஒன்றாகச் செய்தாள். ஐயாவிடம் போனைக் கொடுங்கோ என்றாள். அவருடைய இரண்டு கைகளும் நூலுக்குள் இருந்தன. ஜெயரூபன் எட்டி, போனைத் தகப்பனின் காதோடு பிடித்தான்.

"ஓம் பிள்ளை," என்றார் ஆழ்வாப்பிள்ளை. "ஓம்... ஓம்... கை நல்லா இருக்கு." கொஞ்சம் நிறுத்தி மூச்சு எடுத்தார். "ஓம் பிள்ளை. இண்டைக்குத்தான்."

ஜெயரூபன் போனை எடுக்கவில்லை. அவள் இன்னும் கதைத்துக்கொண்டிருந்தாள், அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.